தாளம் ஒன்று, பாட்டுப் பல



கொட்டாஞ்சேனையில் ஒரு கலியாண வீடு. விருந்து முடிந்ததும் வாத்தியக்காரர் பைலா வாசிக்கத் தொடங்குகின்றனர். ஒரு பாட்டு முடிகின்றது, வாத்தியமோ நிற்பதில்லை. அதே தாளத்தின்மீது அடுத்த பாட்டு ஏறி அமர்கின்றது. பாட்டு மாறியதை ஆடுவோரின் கால்கள் அறிவதேயில்லை. தாளம் ஒன்றாயிருக்கப் பாட்டுப் பலவாகும் இவ்வழக்கத்தைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் கூற விழைகின்றேன்.

போர்த்துக்கேயர் காலத்தின் எச்சமாகிய கபிரிஞ்ஞா ஆடலிசையிலிருந்து தோன்றியது பைலா. 1940களில், பொலிஸ் உத்தியோகத்தராயிருந்த வொலி பஸ்தியான் அதற்குச் சிங்களச் சொல்லமைத்துப் பரப்பினார். 'வாத பைலா' என்னும் போட்டியில் மெட்டும் தாளமும் போட்டியாளர் அனைவர்க்கும் பொது. கொடுத்த பொருளை ஒருவர் பாட, மற்றவர் அதே மெட்டில் மறுத்துப் பாடுவார். மெட்டு சமமாதலின் வெற்றி சொல்லின் கூர்மையையே சாரும். நம் பழைய பாட்டுப் புத்தகங்களிலும் இன்ன பாட்டின் 'வர்ணமெட்டு' என்ற குறிப்பைக் காணலாம். ஆங்கே மெட்டு மட்டுமே இரவல்.

ஜமேக்கா நாட்டிலோ ஒலிப்பதிவே இரவலாயிற்று. முரசும் பேஸ் கிட்டாரும் சேர்ந்த அடிப்படை இசையை ரெகே கலைஞர் 'ரிடிம்' என்பர். ஒருமுறை பதிந்த ரிடிமிலிருந்து முதற் பாடகரின் குரலை நீக்கிவிட்டு, மற்றொருவர் வேறொரு பாட்டை அதன்மீது பதிவார். 1967இல் கிங்ஸ்ரன் நகரின் ஸ்ரூடியோ வன் கலையகத்தில் சவுண்ட் டைமென்ஷன் குழுவினர் வாசித்த 'ரியல் ரொக்' அத்தகையது. பல ஆண்டுகள் கழித்து அதன்மீதே வில்லி வில்லியம்ஸ் 'ஆர்மகிடியன் டைம்' என்னும் பாட்டைப் பாடினார். 1974இல் ரூப்பி எட்வர்ட்ஸ் ஒரே ரிடிமில் அமைந்த பாடல்களை மாத்திரம் தொகுத்து 'யமஹா ஸ்காங்க்' என்ற இசைத்தட்டை வெளியிட்டார்.

இதனால் விளைந்த பயன் யாது? வாத்தியக்காரரை மீண்டும் அழைக்கும் செலவு மீந்தது. கைப்பொருளற்ற இளம் பாடகனுக்கும் வாய்ப்புக் கிட்டியது. பழகிய தாளம் ஆதலாற் கேட்போர் புதிய சொல்லை உடனே வரவேற்றனர்.

ஆயின் இதற்கொரு மறுபக்கமும் உண்டு. முரசறைந்தவர் பெரும்பாலும் அன்றைய கூலியை மட்டுமே பெற்றார். அவர் வாசிப்பு எத்தனை பாட்டுகளைச் சுமந்தாலும் அடுத்த கூலி அவரை வந்தடையவில்லை. அந்நாடு தனக்கெனப் பதிப்புரிமைச் சட்டத்தை நடைமுறைப்படுத்தியது 1993இலேதான். இரவல் கொள்வது கலையில் இழுக்கன்று. பைலாவும் வர்ணமெட்டும் இரவலால் வளர்ந்தவையே. தந்தவனை மறப்பதே இழுக்கு.

ஆகவே நேயர்களே, இனி வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு பாட்டு உங்கள் காலை அசைக்குமாயின், பாடியவர் பெயரோடு அமையாதீர்கள். மெட்டமைத்தவர் யார், தாளம் வாசித்தவர் யார் என்றும் கேளுங்கள். அக்கேள்வியே அக்கலைஞர்க்கு நாம் செலுத்தும் முதற் கடன்.