கண்ணாடிக்கு மேல் கண்ணாடி!

விருத்தாசலத்துக்காரரிடம் உஷ்ணத்தைப் பற்றிப் பேசுவது, திருநெல்வேலிக்காரரிடம் அல்வா விற்பது மாதிரி. ஃபியூஸ் கட்டையும் பீங்கான் பொம்மையும் சூளையில் வெந்து வருகிற ஊர் இது. சூளைக்குள்ளே ஆயிரம் டிகிரிக்கு மேல். பக்கத்திலேயே நின்று டீ குடிப்பார்கள்!

இந்த ஊரில்தான் ரிட்டயரான நண்பர் ஒருவர் என்னிடம் ஜன்னல் யோசனை கேட்டார். மாடியில் மேற்குப் பார்த்த ரூம். எண்பது வயதைத் தாண்டிய அவருடைய அம்மா படுப்பது அங்கேதான். பழைய மர ஜன்னலைப் பெயர்த்துவிட்டு, இரட்டைக் கண்ணாடி ஜன்னல் போட்டும் மே மாதத்தில் பாட்டி வெந்து போகிறார்.

"கனடாவுல மருமகன் வீட்ல, ஜன்னலுக்கு வெளியே இன்னொரு கண்ணாடி மாட்டியிருக்கார் தம்பி. ஸ்டார்ம் விண்டோன்னு பேரு."

"ஸ்டார்ம்னா புயல்தானே சார்?"

"தானேயேதான்! 2011 டிசம்பர் 30 மறந்து போச்சா?"

மறக்குமா? கடலூர் மாவட்டத்துப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்த நாள் ஆயிற்றே. ஆனால் கனடா கண்ணாடி பெயரில்தான் புயல். அதன் முக்கிய வேலை குளிர்காற்றைத் தடுப்பது. பறந்து வருகிற ஓட்டுத்துண்டுக்குச் சாதாரணக் கண்ணாடி ஒன்றானால் என்ன, மூன்றானால் என்ன?

உஷ்ணக் கணக்குக்கு வருவோம். சூளையின் வெளிச்சுவரில் வைக்கிற லேசான செங்கல்லில் பொடிப்பொடியாகத் துளைகள் இருக்கும். அதில் அசையாமல் அடைபட்ட காற்றுதான் சூட்டைத் தடுக்கிறது. இரட்டைக் கண்ணாடியின் சூட்சுமமும் அதுவே. ஒற்றை இரட்டையானால் கடத்துகிற சூடு ஏறக்குறைய பாதியாகும். மூன்றாவதில் அந்த அளவு லாபம் வராது. அங்கே வெளியே மைனஸ் 20, உள்ளே 20. வித்தியாசம் 40 டிகிரி. இங்கே வெளியே 40, ஏ.ஸி. போட்டால் உள்ளே 26. வெறும் 14!

பாட்டியை வேக வைப்பது காற்றின் சூடு மட்டுமில்லை, நேர் வெயில். சாதாரண இரட்டைக் கண்ணாடியில்கூட அதில் பாதிக்கு மேல் உள்ளே வந்துவிடும். உள்ளே திரை போட்டால்? விருந்தாளி கூடத்துக்கு வந்தபிறகு வாசல் கதவைச் சாத்துகிற கதைதான். வெயிலை வெளியிலேயே மறிக்க வேண்டும். சாயங்கால வெயில் சாய்ந்து வருவதால் மேலே நீட்டிய சன்ஷேடும் போதாது. ஜன்னலை முழுசாக மறைக்கணும்.

இன்னொரு வம்பும் உண்டு. வெளியே காற்றுப் போகாமல் கண்ணாடி போட்டு அடைத்தால், நடுவில் சூடு தேங்கி இரட்டைக் கண்ணாடியின் ஓர ஒட்டு சீக்கிரம் கெட வாய்ப்புண்டு. ஒட்டு விட்டால் ஈரம் புகுந்து உள்ளுக்குள் மூட்டம் போடும். எந்தத் துணியாலும் துடைக்க முடியாது.

"அப்ப என்னதான் செய்யறது?" என்றார் சலிப்பாக.

"பழைய ஜன்னல் கதவு என்னாச்சு சார்?"

கொல்லையில் இருந்தது. அசல் தேக்கு, கெட்டிப் பலகை. அதையே வெளிப்பக்கம் மாட்டினால் போதும். மத்தியானம் கண்ணாடியை நகர்த்தி, கம்பிக்கு நடுவே கையை விட்டுச் சாத்தலாம், சாயங்காலம் திறந்துவிடலாம். புயல் எச்சரிக்கை வந்தால் உள்தாழ்ப்பாளையும் போட்டுக்கொள்ளலாம்.

ஆசாரி வந்து அளவு பார்த்தார். கீல்தான் புதுசாக வேண்டுமாம். கதவை எடுக்கப் போனபோதுதான் தகராறு. அதன்மேல் வீட்டம்மா வடகம் காயப் போட்டிருந்தார்.

"ரெண்டு நாள் கழிச்சு வாங்க. இன்னும் ஈரம் போகலை!"