இரு பணிசெயல் முறைமைகளுக்கு இரு வன்தட்டுகளே பாதுகாப்பு

யாழ். குடாநாட்டின் வீடுகளிலும் பாடசாலைகளிலும் தட்டச்சு நிலையங்களிலும் பழைய கணினிகள் பல இன்றும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. அவற்றுள் பல விண்டோஸ் 10 பணிசெயல் முறைமையை நம்பியவை. அதற்கான பொதுவான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025 ஒக்ரோபர் 14 ஆம் திகதியுடன் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 நிறுவுவதாயின் டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும், 2017 ஆம் ஆண்டளவிலோ அதன் பின்னரோ வெளிவந்த செயலியும் வேண்டும். ஆகவே, நல்ல நிலையிலுள்ள கணினிகளையும் கழித்துவிட வேண்டுமோ என்ற கேள்வி எம்மவர் முன் எழுந்துள்ளது.

கழிக்க வேண்டியதில்லை என்பதே எமது கருத்தாகும். உபுண்டு, லினக்ஸ் மின்ற் போன்ற இலவச லினக்ஸ் முறைமைகள் பழைய கணினிகளிலும் இயங்கக் கூடியவை. ஆனால் கணக்கியல் மென்பொருள், சில அச்சுப்பொறிகள் ஆகியவற்றுக்கு விண்டோஸ் இன்றியமையாததாக இருக்கலாம். எனவே பழையதை அழிக்காமல், புதியதை வேறொரு வன்தட்டில் நிறுவுவதே உகந்தது.

ஒரே வன்தட்டைப் பிரித்து இரண்டையும் நிறுவ முடியாதா என வாசகர்கள் வினவலாம். முடியும். ஆனால் அது வளவைப் பிரித்துவிட்டுக் கிணற்றைப் பங்கில் விட்டது போன்றது. கணினியைத் தொடக்கிவைக்கும் சிறு பகுதி இரண்டுக்கும் பொதுவாகிவிடும். ஒன்று தன்னைப் புதுப்பிக்கும்போது மற்றையது தொடங்க மறுக்கலாம். பிரிக்கும் வேளையில் ஒரு தவறு நேர்ந்தால் சேமித்தவை யாவும் அழியலாம். வன்தட்டே பழுதடைந்தாலோ இரண்டும் ஒருங்கே போய்விடும்.

இரு வன்தட்டுகள் இருந்தாலும் கிணறு பொதுவாகிவிடும் ஆபத்து உண்டு. இரண்டும் இணைந்திருக்கையில் லினக்ஸை நிறுவினால், அதன் தொடக்கக் கோப்புகள் விண்டோஸ் வன்தட்டிலேயே போய் அமர்ந்துவிடலாம். ஆகையால் முதலில் முக்கியமான கோப்புகளுக்குப் பிரதி எடுத்து, கணினியை நிறுத்தி, மின்னிணைப்பைத் துண்டித்து, விண்டோஸ் வன்தட்டின் வடங்களைக் கழற்றிவிட வேண்டும். புதிய வன்தட்டை மட்டும் பொருத்தி லினக்ஸை நிறுவியபின் பழையதை மீள இணைக்கலாம். கணினி தொடங்கும்போது எஃப்8, எஃப்11, எஃப்12 போன்றவற்றுள் உரிய விசையை அழுத்தினால் எந்த வன்தட்டு வேண்டும் எனத் தெரிவு செய்யலாம். மடிக்கணினியில் இரண்டாவது வன்தட்டுக்கு இடமில்லையெனின், யுஎஸ்பி வழியாக இணைக்கும் வெளி வன்தட்டு போதுமானது.

மேலும் மூன்று விடயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, விண்டோஸின் விரைவுத் தொடக்க வசதியை நிறுத்திவிட வேண்டும். அது இயங்கினால் விண்டோஸ் முழுமையாக மூடப்படுவதில்லை. அந்நிலையில் லினக்ஸிலிருந்து அவ்வன்தட்டில் எழுதினால் கோப்புகள் பழுதடையக் கூடும். இரண்டாவது, வன்தட்டு பிட்லொக்கர் மூலம் பூட்டப்பட்டிருப்பின் 48 இலக்க மீட்புத் திறவுகோலை முன்னரே தாளில் எழுதிவைக்க வேண்டும். மூன்றாவது கடிகாரம். கணினியின் உட்கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் லினக்ஸ் சர்வதேச நேரமாகவும் கொள்வதால், லினக்ஸைப் பயன்படுத்தியபின் விண்டோஸ் ஐந்தரை மணித்தியாலம் பின்தங்கிக் காட்டும். உட்கடிகாரத்தை உள்ளூர் நேரத்தில் வைக்குமாறு லினக்ஸில் அமைத்துவிட்டால் இக்குழப்பம் தீரும்.

மொழியைப் பற்றிய அச்சமும் வேண்டாம். யூனிகோட் முறையில் தமிழையும் அரபையும் சிங்களத்தையும் ஒரே ஆவணத்தில் லினக்ஸிலும் தட்டச்சுச் செய்யலாம். பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்த பழைய கடிதங்களே சிக்கலானவை. அவ்வெழுத்துரு இல்லாவிடின் அவை பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தோன்றும். விண்டோஸிலிருந்து பாமினியைப் பிரதிசெய்து லினக்ஸில் சேர்த்துக்கொண்டால் அவற்றை வாசிக்கலாம்.

இறுதியாக ஒன்று. இரு வன்தட்டுகளும் ஒரே பெட்டிக்குள் இருப்பவை. மின்னலோ திருட்டோ இரண்டையும் சேர்த்தே கொண்டுபோய்விடும். 1981 இல் யாழ். பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் அரிய ஓலைச்சுவடிகளும் அழிந்தன. 1990 ஒக்ரோபரில் வடபகுதி முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோதும், 1995 ஒக்ரோபரில் வலிகாமம் மக்கள் இடம்பெயர்ந்தபோதும், பலருடைய காணி உறுதிகளும் சான்றிதழ்களும் குடும்பப் படங்களும் வீடுகளிலேயே விடுபட்டுப் போயின. ஓரிடத்தில் மாத்திரம் இருப்பது ஒரே நாளில் இல்லாமற் போகும் என்பதை எம்மிரு சமூகங்களும் பட்டே அறிந்தன. ஆகவே, இரண்டாவது வன்தட்டைப் பொருத்துபவர்கள் தம் ஆவணங்களின் மூன்றாவது பிரதியொன்றை வேறோர் ஊரிலுள்ள உறவினர் வீட்டிலும் வைத்திருப்பது அவசியமாகும்.