சிறுவர்க்கு வரும் பாரிசவாயு

பாரிசவாயு என்றவுடன் அது முதியோர்க்கே உரிய பிணியென எண்ணுவது உலக வழக்கம். அவ்வெண்ணமே சிறுவர்க்குத் தீங்காய் முடிகின்றது. மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் அடைபடினும் உடையினும், பச்சிளங் குழவிக்கும் இந்நோய் நேரும்.

பழனி மலையடிவாரத்துப் பாலசமுத்திரம் போன்ற ஓர் ஊரில், ஆடிக்கொண்டிருந்த சிறுமியின் வாய் திடீரெனக் கோணி, ஒரு கை சோர்ந்து, பேச்சுக் குழறுவதாகக் கொள்வோம். கண்ணேறு என்பார் சிலர். உறங்கியெழுந்தால் தெளியுமென்பார் வேறு சிலர். இங்ஙனம் காத்திருக்கும் நாழிகைதோறும் மூளையின் ஒரு பகுதி மடிகின்றது.

ஒருபுற வலிப்பு, திடீர்த் தலைவலியுடன் வாந்தி, நடைத் தள்ளாட்டம் ஆகியனவும் இதன் குறிகளாகலாம். ஓராண்டு நிரம்பாத குழந்தை எப்பொழுதும் ஒரு கையையே நீட்டி, மற்றதை மூடியே வைத்திருப்பின், அதனை வெறும் பழக்கமென்று விடாது மருத்துவரிடம் காட்டல் வேண்டும்.

குறி கண்டவுடன் செய்யத்தக்கது யாது? குழந்தை நலமாயிருந்த கடைசி நேரத்தைக் குறித்துக்கொள்க. மயக்கமோ வலிப்போ உண்டேல் ஒருக்களித்துப் படுக்கவைக்க. வாயில் யாதும் ஊட்டற்க. ஆஸ்பிரினும் ஆகாது, அடைப்போ உடைப்போ என்பது மூளையைப் படம்பிடித்த பின்னரே விளங்கும், உடைப்பாயின் அம்மருந்து இரத்தப்போக்கை மிகுவிக்கும். தமிழ்நாட்டில் 2008 முதல் இயங்கும் 108 ஊர்தியை உடனே அழைத்திடுக.

நிற்க, காரணங்களை நோக்குவோம். பிறவி இருதயக் குறை, காசநோயால் வரும் மூளையுறை அழற்சி, அரிவாளணுச் சோகை ஆகியன அவற்றுட் சில. இச்சோகையில் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்து குழாய்களைக் கெடுக்கின்றன. நீலகிரி மலைவாழ் மக்களிடையே இஃது உண்டென்பதை லேமான், கட்புஷ் என்னும் ஆராய்ச்சியாளர் 1952-இல் வெளியிட்டனர். இதனால் வரும் பாரிசவாயுவைத் தடுக்கவும் இயலும். ஒலியலைக் கருவியால் ஆபத்து மிக்கவரெனத் தெரிந்த 130 சிறுவரை அமெரிக்க மருத்துவர் ஆராய்ந்து, 1998-இல் முடிவை வெளியிட்டனர். வழக்கமான சிகிச்சை பெற்ற 67 பேருள் 11 பேர்க்குப் பாரிசவாயு கண்டது. முறையாக இரத்தம் ஏற்றப்பெற்ற 63 பேருள் ஒருவர்க்கே கண்டது.

நோய் வந்த பின்னும் நம்பிக்கை இழத்தல் வேண்டா. நல்ல கையை நாள்தோறும் சில மணி நேரம் உறையிட்டு அடக்கி, தளர்ந்த கையால் விளையாடச் செய்யும் பயிற்சியும் பயன் தருகின்றது.

விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர் இதனைத் தம் வீட்டார்க்கு எடுத்துரைப்பாராக. ஒரு குழந்தையின் கையும் சொல்லும் அதனாற் காக்கப்படின், அதனினும் சிறந்த கல்விப்பயன் வேறு யாது?