பாட்டன் ஊரும் பேரன் குடியும்

விடுதியில் இரவு உணவு முடிந்து நாலைந்து பேர் பேசிக்கொண்டிருந்தோம். மணிப்பூரிலும் மிசோரத்திலும் வாழும் ஒரு கூட்டத்தார், தம் முன்னோர் யூதர் என்று கூறி இஸ்ரேலுக்குக் குடிபெயர்கின்றனர் என்ற செய்தியை ஒருவர் எடுத்தார். நாகர்கோவில் நண்பர் சிரித்துவிட்டார். "அதெப்படி வே? பாட்டன் எந்த ஊர் என்று சொன்னால் பேரனுக்கு நாடு கொடுத்துவிடுவார்களா?" என்றார். எல்லாரும் சிரித்தனர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனெனில், அவ்வாறு நாடு பெற்ற ஒருவருடைய பேரன் நான். அன்றிரவு சொல்லாத விடையை இங்கே எழுதுகிறேன்.

முதலில் இஸ்ரேலின் சட்டத்தைக் காண்போம். 1950 ஜூலை 5ஆம் நாள் அந்நாட்டு நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. யூதர் எவரும் எந்நாட்டிலிருந்தும் அங்கே வந்து குடியேறலாம் என்பது அதன் சாரம். அவ்வாறு வந்தவர் குடிமகன் ஆவதற்கு 1952ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் வழி செய்தது. ஆனால் யூதர் என்பவர் யார்? இந்தக் கேள்விக்கு 1970இல் ஒரு திருத்தம் வந்தது. யூதத் தாயின் வயிற்றில் பிறந்தவரும், முறைப்படி யூத சமயம் தழுவியவரும், வேறு சமயம் சாராதிருந்தால் யூதர். அதே திருத்தம், யூதரின் மக்களுக்கும் பேரப் பிள்ளைகளுக்கும் வாழ்க்கைத் துணைவர்க்கும் அவ்வுரிமையை நீட்டித்தது. பாட்டன் பாட்டியருள் ஒருவர் யூதர் என்று காட்டினால் போதும். பேரனுக்குக் கதவு திறக்கும்.

சான்று தெளிவாக இருப்பவர் குடியேறியவுடன் குடிமகன் ஆகிறார். மற்றவர்க்குத் தற்காலிக வசிப்பு விசா என்ற திண்ணை இருக்கிறது. அதில் இரண்டு வகைகளை நாம் அறியவேண்டும். 'ஏ/1' என்பது, உரிமை இருந்தும் குடியேறலாமா என்று இன்னும் முடிவு செய்யாதவர்க்கு. சில காலம் வாழ்ந்து பார்த்து முடிவு செய்யலாம். 'ஏ/5' என்பது பொதுவான தற்காலிக வசிப்பு. மனம் முடிவு செய்துவிட்டது, ஆனால் உரிமை இன்னும் உறுதியாகவில்லை என்னும் நிலையில் இருப்போர்க்கும் அது தரப்படுகிறது. அவர் தங்கலாம், வேலை செய்யலாம், நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்க இயலாது. அவர் விருந்தாளியும் அல்லர், வீட்டுக்காரரும் அல்லர்.

இது ஏதோ தொலைதூரக் கதை என்று எண்ணவேண்டாம். நம் கேரளத்தையே பாருங்கள். கல்வெட்டு வகுப்பில் கொச்சி யூதர் செப்பேட்டைப் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். கி.பி. 1000ஆம் ஆண்டளவில் பாஸ்கர ரவிவர்மன் என்னும் சேர மன்னன், ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு 72 உரிமைகளை வழங்கினான். எழுத்து வட்டெழுத்து; மொழியோ தமிழும் மலையாளமும் பிரிந்தும் பிரியாமலும் நின்ற காலத்து மொழி. அவ்வுரிமைகள் ரப்பானோடு முடியவில்லை. அவருடைய ஆண்மக்களுக்கும் பெண்மக்களுக்கும் மருமக்களுக்கும் வழிவழியாகச் செல்லவேண்டும் என்று செப்பேடு கூறுகிறது. மரபுவழி உரிமை என்பது நேற்றுத் தோன்றியது அன்று.

அத்தகைய மரபினரும் காத்திருக்க நேர்ந்தது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கொச்சி யூதர்கள் இஸ்ரேல் செல்ல விழைந்தபோது, யானைக்கால் நோய் பரவும் என்று அஞ்சி அந்நாட்டு நலத்துறையினர் தயங்கினர். தடை நீங்கிய பின், 1950களின் நடுவில், பெரும்பாலோர் சென்றனர். மழை நாட்டில் பிறந்தவருள் ஒரு பகுதியினர் நெகேவ் பாலைநிலத்து நெவாத்திம் என்னும் ஊரில் குடியமர்ந்து பயிர் செய்தனர்.

குடியுரிமை பெற்ற பின்னும் ஐயம் தொடர்ந்ததுண்டு. பம்பாய்ப் பகுதியிலிருந்து சென்ற பெனே இஸ்ரேல் மக்கள் திருமணம் செய்யும்போது அவர்களின் முன்னோரை ஆராயவேண்டும் என்று 1962இல் தலைமைச் சமய குருமார் ஆணையிட்டனர். மக்கள் கிளர்ந்தெழுந்து போராடவே, 1964இல் அந்த ஆணை மாற்றப்பட்டது.

விடுதியில் நாங்கள் பேசிய கூட்டத்தார் 'பினே மெனாஷே' எனப்படுவோர். பண்டைய இஸ்ரேலில் காணாமற்போன பத்துக் குலங்களுள் மனாசே குலத்தின் வழியினர் தாம் என்பது அவர்கள் நம்பிக்கை. 2005இல் தலைமைக் குருவான ஷ்லோமோ அமார் அவர்களை இஸ்ரேலின் வித்து என்று ஏற்றார். ஆயினும் பேரன் என்று காட்டும் ஏடு அவர்களிடம் இல்லை. ஆகவே ஏ/5 விசாவில் சென்று, முறைப்படி சமயம் தழுவி, அதன்பின் குடிமக்கள் ஆகின்றனர். 2030க்குள் ஏறத்தாழ 5,800 பேரை அழைத்துக்கொள்ள 2025 நவம்பரில் இஸ்ரேல் அரசு முடிவு செய்தது. நம் 1955ஆம் ஆண்டுச் சட்டப்படி, வேறு நாட்டின் குடியுரிமையை விரும்பிப் பெற்றவர் இந்தியக் குடியுரிமையை இழப்பார். அதனால் அந்தத் திண்ணையில் இருக்கும்வரை அவர்கள் இந்தியர். உள்ளே நுழைந்தால் அல்லர்.

இனி என் தாத்தாவின் கதை. அவர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். அவர் தந்தையும் அங்கேயே பிறந்தவர். 1948ஆம் ஆண்டு இலங்கைக் குடியுரிமைச் சட்டமோ, தந்தை இலங்கையில் பிறந்ததற்குச் சான்று கேட்டது. இல்லையேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் பிறந்ததற்குச் சான்று கேட்டது. லயத்துப் பிறப்பை யார் பதிந்தார்? மறுபுறம், இந்திய அரசியலமைப்பின் 8ஆம் பிரிவு, பெற்றோரிலோ பாட்டன் பாட்டியரிலோ ஒருவர் பிரிக்கப்படாத இந்தியாவில் பிறந்திருந்தால், வெளிநாட்டில் வாழ்பவரைக் குடிமகனாகப் பதியலாம் என்கிறது. தாத்தாவின் பாட்டனார் புதுக்கோட்டைச் சீமைக்காரர். தாம் கண்ணால் காணாத அந்த ஊரின் பெயரால் தாத்தா இந்தியர் ஆனார்!

1964 அக்டோபரில் எழுந்த சிறிமாவோ - சாஸ்திரி உடன்படிக்கைப்படி இந்தியா 5,25,000 பேரை ஏற்க ஒப்பியது. கப்பலில் ஏறும் முறை வரும்வரை தாத்தா தோட்டத்திலேயே வேலை செய்தார். பினே மெனாஷே மக்கள் முன்னோர் நாடென்று நம்பும் மண்ணில் தற்காலிகமாக வாழ்கின்றனர். தாத்தாவோ தாம் பிறந்த மண்ணிலேயே தற்காலிகமானார். "வாழை வைத்தால் குலை தள்ளும்வரை இருப்போமோ என்று தெரியாமல், அந்த ஏழு வருஷமும் வாசலில் ஒன்றும் நடவில்லை" என்பார். பிறகு தலைமன்னார், இராமேசுவரம், மண்டபம் முகாம். முடிவில் இங்கே கொல்லம் மாவட்டத்துக் குளத்தூப்புழையில், தாயகம் திரும்பியோர்க்காக அமைந்த ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டும் வேலை. வந்த ஆண்டே வாசலில் வாழை நட்டாராம்.

ஆகவே நண்பரே, பாட்டன் ஊரால் பேரனுக்கு நாடு கிடைப்பது உண்மைதான். ஆனால் இரத்தம் கதவைத் தட்டும், தாள்தான் திறக்கும். எந்தத் தாள் செல்லும் என்பதை ஒவ்வொரு நாடும் தன் தேவைக்கேற்ப முடிவு செய்கிறது. அதைத் தடுக்க நம்மால் ஆகாது. காத்திருப்புக்கு ஒரு கெடு வேண்டும் என்று மட்டும் நாம் கேட்கலாம். 1983க்குப் பின் இலங்கையிலிருந்து வந்து தமிழ்நாட்டு முகாம்களில் வாழ்வோருள் பலர் இன்றும் குடியுரிமை இன்றி இருக்கின்றனர். அவர்களுள் என் தாத்தாவைப் போன்ற மலையக வழியினரும் உண்டு. திண்ணை இளைப்பாறும் இடம். அங்கேயே ஒருவன் பிறந்து வளர்ந்து முதியவன் ஆகலாமா? நாளை சட்டம் பயிலப்போகும் நம் சங்கத்து நண்பர்கள் இதை எண்ணிப் பார்க்கவேண்டும்.