மகப்பேற்றுச் செலவு

மகப்பேற்றுச் செலவு என்பது ஒரு பெண் கருவுற்றது உறுதியானது முதல், குழந்தை பிறந்து, பிரசவத்துக்குப் பிந்தைய முதல் சில வாரங்களின் மருத்துவக் கவனிப்பு முடியும் வரை ஏற்படும் செலவுகளின் தொகுப்பாகும். பேச்சு வழக்கில் 'பிரசவச் செலவு' என்றால் பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்த நாள் முதல் டிஸ்சார்ஜ் ஆகும் நாள் வரையிலான பில்லையே குறிக்கும். ஆனால் ஒரு குடும்பத்தின் கையிலிருந்து போகும் பணம் அதைவிட அதிகம். இந்தியாவில் ஒரே ஊரில், ஒரே தெருவில் உள்ள இரண்டு மருத்துவமனைகள்கூட ஒரே வகைப் பிரசவத்துக்கு வெவ்வேறு கட்டணம் வாங்குகின்றன. இவ்வேறுபாடு எதனால் வருகிறது, அதில் எந்தப் பகுதி நியாயமானது, எதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பவற்றை இக்கட்டுரை தமிழ்நாட்டை முதன்மையாகக் கொண்டு விளக்குகிறது.

வேறுபாட்டின் அளவு

தேசிய மாதிரி ஆய்வின் 75ஆவது சுற்று (2017–18) தரும் சராசரிப்படி, இந்தியாவின் ஊரகப் பகுதியில் அரசு மருத்துவமனையில் நடக்கும் ஒரு பிரசவத்துக்குக் குடும்பம் செலவிட்ட தொகை சுமார் 2,400 ரூபாய். தனியார் மருத்துவமனையில் சுமார் 20,800 ரூபாய். நகர்ப்புறத்தில் இது முறையே சுமார் 3,100 ரூபாயும் 29,100 ரூபாயும் ஆகும். அதாவது, தனியார் செலவு ஏறத்தாழ ஒன்பது மடங்கு. இவை பல ஆண்டுகளுக்கு முந்தைய சராசரிகள். பெருநகரத் தனியார் மருத்துவமனைகளில் இன்றைய தொகை இதைவிடப் பல மடங்கு உயர்ந்தது.

அரசு மருத்துவமனையில் பிரசவம் இலவசம் என்றாலும் சராசரி சுழியமாக இல்லை என்பது கவனிக்கத்தக்கது. 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, அரசு நிலையத்தில் நடந்த ஒரு பிரசவத்துக்கு மக்கள் சொந்தப் பணத்திலிருந்து செலவிட்டது சராசரியாக 2,916 ரூபாய்.

செலவின் பகுதிகள்

மகப்பேற்றுச் செலவை நான்கு கட்டங்களாகப் பிரித்துப் பார்க்கலாம்.

1. கருவுற்ற காலம்: மருத்துவர் ஆலோசனைக் கட்டணம், இரத்தம், சிறுநீர்ப் பரிசோதனைகள், கர்ப்பகாலச் சர்க்கரைப் பரிசோதனை, ஸ்கேன்கள், இரும்புச்சத்து மற்றும் சுண்ணாம்புச்சத்து மாத்திரைகள், தடுப்பூசி. தாய்க்கு ஆர்.எச். நெகட்டிவ் இரத்த வகை இருந்தால், தேவைக்கேற்ப ஆன்டி-டி ஊசியும் சேரும்.

2. பிரசவம்: பிரசவ அறை அல்லது அறுவை அரங்கக் கட்டணம், மகப்பேறு மருத்துவர், மயக்க மருத்துவர், குழந்தை மருத்துவர், செவிலியர் கட்டணங்கள், மருந்து, தையல் நூல், கையுறை போன்ற பொருள்கள், அறை வாடகை. வலி குறைக்கும் எபிடியூரல் ஊசி போட்டால் அதற்குத் தனிக் கட்டணம்.

3. பச்சிளங்குழந்தை: பிறந்தவுடன் செய்யும் பரிசோதனை, முதல் தடுப்பூசிகள், மஞ்சள் காமாலைக்கு ஒளிச் சிகிச்சை. குறைமாதக் குழந்தையானாலோ மூச்சுத் திணறல் இருந்தாலோ பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு.

4. மருத்துவம் சாராத செலவுகள்: போக்குவரத்து, துணைக்கு இருப்பவரின் சாப்பாடு, வேலைக்குப் போகாததால் இழந்த கூலி. அரசு மருத்துவமனையைத் தேர்ந்த குடும்பங்களுக்கும் இந்தப் பகுதி பெரிதாகவே அமையும்.

இவற்றுள் முன்கூட்டிக் கணிக்க மிகக் கடினமானது மூன்றாவது கட்டம். தீவிர சிகிச்சைப் பிரிவில் கட்டணம் நாள் கணக்கில் ஏறுவதால், பிரசவத்துக்கென்று சேர்த்து வைத்த தொகை சில நாள்களில் கரைந்துவிடும். பிரசவத்துக்காகக் கடன் வாங்கும் நிலை உருவாகும் முக்கியமான இடங்களுள் இது ஒன்று.

கட்டணம் வேறுபடுவதற்கான காரணங்கள்

நிலையான செலவும் பிரசவ எண்ணிக்கையும்

பிரசவ வலி நேரம் பார்த்து வருவதில்லை. ஆகவே, பிரசவம் பார்க்கும் எந்த மருத்துவமனையும் 24 மணி நேரமும் செவிலியர், மருத்துவர், அறுவை அரங்கு, மின்னாக்கி, ஆக்சிசன் ஆகியவற்றைத் தயாராக வைத்திருக்க வேண்டும். பிரசவம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் இச்செலவு உண்டு. எடுத்துக்காட்டாக, இத்தகைய நிலையான செலவு மாதம் 6 இலட்சம் ரூபாய் என்று கொள்வோம். மாதம் 20 பிரசவங்கள் நடந்தால் ஒவ்வொன்றின் பங்கு 30,000 ரூபாய். 100 பிரசவங்கள் நடந்தால் 6,000 ரூபாய்தான். கூட்டம் நிறைந்த மருத்துவமனை குறைந்த கட்டணத்தில் இயங்க முடிவதற்கும், புதிய சிறு மருத்துவமனை அதிகமாகக் கேட்பதற்கும் இது ஒரு காரணம்.

வசதிகளின் அடுக்கு

ஒரு மகப்பேறு மருத்துவர் தம் வீட்டோடு சேர்த்து நடத்தும் சிறு நர்சிங் ஹோமில் மயக்க மருத்துவரும் குழந்தை மருத்துவரும் அழைக்கும்போது வந்து போவார்கள். பெரிய மருத்துவமனையில் அவர்கள் முழுநேரமும் இருப்பார்கள். இரத்த வங்கி, தாய்க்கான தீவிர சிகிச்சைப் பிரிவு, குழந்தைக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு ஆகியவை ஒரே கட்டடத்தில் இருக்கும். சிக்கலற்ற பிரசவத்தில் இவ்வசதிகள் பயன்படாமலே போகலாம். ஆயினும் அவற்றைப் பராமரிக்கும் செலவு எல்லோருடைய பில்லிலும் பகிரப்படுகிறது. மறுபுறம், சிறு மருத்துவமனையில் சிக்கல் ஏற்பட்டால் வேறிடத்துக்கு மாற்றும் செலவும் நேர இழப்பும் குடும்பத்தின் மேல் விழும்.

அறை வகை

பல தனியார் மருத்துவமனைகளில் அறையின் தரம் உயர்ந்தால் வாடகை மட்டும் உயர்வதில்லை. மருத்துவர் கட்டணம், அரங்கக் கட்டணம், பரிசோதனைக் கட்டணம் ஆகியனவும் சேர்ந்து உயர்கின்றன. செய்யப்படும் சிகிச்சை ஒன்றே. பொது வார்டிலிருந்து குளிர்சாதனத் தனி அறைக்கு மாறினால் மொத்தப் பில் எதிர்பார்த்ததைவிட ஏறுவது இதனால்தான். 2022 சூலை 18 முதல், நாளொன்றுக்கு 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட மருத்துவமனை அறை வாடகைக்கு 5 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரியும் விதிக்கப்பட்டது. தீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்கு இதிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது.

மருந்தும் பொருள்களும்

ஒரே மருந்துக்குப் பல நிறுவனங்களின் தயாரிப்புகள் உண்டு, விலையும் வேறுபடும். மருத்துவமனையின் சொந்த மருந்தகத்தில் பெரும்பாலும் அச்சிட்ட உச்ச விலைக்கே விற்கப்படுகிறது. ஆகவே மருத்துவர் கட்டணம் குறைவாக உள்ள இடத்தில் மருந்துப் பில் அதிகமாக இருக்க வாய்ப்புண்டு.

சுகப்பிரசவமும் அறுவைப் பிரசவமும்

பில்லை மிகவும் மாற்றும் ஒரே காரணி பிரசவம் நடக்கும் முறையே. சிசேரியன் எனப்படும் அறுவைப் பிரசவத்தில் அறுவை அரங்கு, மயக்க மருந்து, கூடுதல் மருந்து, கூடுதல் நாள்கள் தங்குதல் எல்லாம் சேர்கின்றன.

2019–21 ஆய்வின்படி, இந்தியாவில் நடந்த பிரசவங்களில் 21.5 விழுக்காடு அறுவைப் பிரசவங்கள். அரசு நிலையங்களில் இது 14.3 விழுக்காடு, தனியாரில் 47.4 விழுக்காடு. தமிழ்நாட்டில் மொத்தம் 44.9 விழுக்காடு, அரசு நிலையங்களில் 36.0, தனியாரில் 63.8 விழுக்காடு. மக்கள்தொகை அளவில் அறுவைப் பிரசவ விகிதம் 10 விழுக்காட்டைத் தாண்டி உயர்வதால் தாய், சேய் இறப்பு குறைவதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் அறிவித்தது.

இவ்வெண்களைக் கொண்டு எந்த ஒரு தனி அறுவையையும் தேவையற்றது என்று சொல்லிவிட முடியாது. நஞ்சுக்கொடி கீழிறங்கி இருத்தல், குழந்தையின் இதயத்துடிப்புக் குறைதல், குழந்தை குறுக்காகக் கிடத்தல் போன்ற நிலைகளில் அறுவையே உயிர் காக்கும். எனினும், சுகப்பிரசவத்துக்கு மருத்துவர் பல மணி நேரம் காத்திருக்க வேண்டும். அறுவையை ஒரு மணி நேர அளவில் முடித்துவிடலாம். அதற்குக் கட்டணமும் அதிகம். இந்தப் பொருளியல் அமைப்பு தனியார் துறையில் அறுவையின் பக்கம் சாய்வை உண்டாக்குகிறது என்பது பரவலாக முன்வைக்கப்படும் விமரிசனம். வலிக்கு அஞ்சுதல், நல்ல நாள், நல்ல நேரம் பார்த்தல், முதல் பிரசவமே அறுவையாக அமைந்திருத்தல் ஆகியனவும் விகிதத்தை உயர்த்துகின்றன.

அரசு மருத்துவமனைகளும் உதவித் திட்டங்களும்

2011 சூன் 1 அன்று தொடங்கப்பட்ட ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்படி, இந்தியாவின் எல்லா அரசு மருத்துவ நிலையங்களிலும் சுகப்பிரசவம், அறுவைப் பிரசவம் இரண்டும் முற்றிலும் இலவசம். மருந்து, பரிசோதனை, இரத்தம், உணவு (சுகப்பிரசவத்துக்கு 3 நாள், அறுவைக்கு 7 நாள்), வீட்டிலிருந்து மருத்துவமனைக்கும், திரும்பி வீட்டுக்கும் வாகனம் ஆகியவை இதில் அடங்கும்.

2005இல் தொடங்கிய ஜனனி சுரக்ஷா திட்டத்தில், தமிழ்நாடு போன்ற மாநிலங்களில் தகுதியுள்ள ஏழைத் தாய்மாருக்கு ஊரகத்தில் 700 ரூபாயும் நகரத்தில் 600 ரூபாயும் வழங்கப்படுகின்றன.

தமிழ்நாடு அரசின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம் 1987இல் தொடங்கியது. இதன் தொகை 2006இல் 6,000 ரூபாயாகவும், 2011இல் 12,000 ரூபாயாகவும், 2018இல் 18,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. 18,000 ரூபாயில் 14,000 ரூபாய் பணமாகவும், எஞ்சியது இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்களாகவும் தவணை முறையில் தரப்படும் வகையில் அமைக்கப்பட்டது. முதல் இரண்டு பிரசவங்களுக்கு மட்டுமே இவ்வுதவி உண்டு. கருவுற்ற 12 வாரங்களுக்குள் கிராம அல்லது நகர சுகாதார செவிலியரிடம் பதிவு செய்வது இதற்கு முக்கியமாகும்.

சட்டப்படி இலவசமான இடத்தில் சராசரிச் செலவு 2,900 ரூபாயைத் தொடுவதற்கு, போக்குவரத்து, வெளியே வாங்கும் பொருள்கள், துணையிருப்போர் செலவு ஆகியவற்றுடன் கையூட்டும் ஒரு காரணம். பிறந்த குழந்தையைக் காட்டவும் சக்கர நாற்காலி தள்ளவும் பணம் கேட்கப்படுவதாகப் புகார்கள் தொடர்ந்து எழுந்துள்ளன. இது எந்த விதியிலும் இல்லாத கட்டணம். மருத்துவமனைக் கண்காணிப்பாளரிடமோ இலஞ்ச ஒழிப்புத் துறையிடமோ புகார் செய்யலாம்.

குறைந்த செலவு என்றால் குறைந்த பாதுகாப்பு என்று பொருளல்ல. தமிழ்நாட்டில் 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவ நிலையங்களில் நடக்கின்றன. 2018–20இல் ஓர் இலட்சம் உயிருள்ள பிறப்புகளுக்குத் தாய் இறப்பு தமிழ்நாட்டில் 54, இந்திய அளவில் 97. ஆரம்ப சுகாதார நிலையங்களில் 24 மணி நேரமும் பிரசவம் பார்க்கும் ஏற்பாடும், சிக்கலான பிரசவங்களுக்கென அரசு மருத்துவமனைகளில் அமைந்த ஒருங்கிணைந்த அவசர கால தாய்சேய் நல மையங்களும் இதில் பெரும்பங்கு வகிக்கின்றன.

காப்பீடு

தனிநபர் மருத்துவக் காப்பீட்டில் மகப்பேறு பெரும்பாலும் தானாகச் சேராது. சேர்ந்தாலும் காத்திருப்புக் காலம் உண்டு. பல திட்டங்களில் அது 2 முதல் 4 ஆண்டுகள். எனவே கருவுற்ற பிறகு காப்பீடு எடுத்தால் அந்தப் பிரசவத்துக்குப் பயன்படாது. நிறுவனங்கள் ஊழியர்களுக்கு எடுக்கும் குழுக் காப்பீட்டில் காத்திருப்பு இல்லாமல் இருக்கலாம். ஆனால் பிரசவத்துக்கென ஓர் உச்சவரம்பு இருக்கும். அனுமதித்த அளவைவிட உயர்ந்த அறையில் தங்கினால், வாடகை வேறுபாடு மட்டுமன்றி, மருத்துவர் கட்டணம் போன்றவற்றிலும் அதே விகிதத்தில் குறைத்தே காப்பீட்டு நிறுவனம் தரும். குழந்தைக்கான சிகிச்சை முதல் நாளிலிருந்தே அடங்குமா என்பதைத் தனியே பார்க்க வேண்டும்.

தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக் கழகத்தில் பதிவுபெற்ற தொழிலாளர்களுக்கு அதன் மருத்துவமனைகளில் மகப்பேற்றுச் சிகிச்சை உண்டு. மகப்பேறு நலச் சட்டம், 1961இல் 2017ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தம், அதன் கீழ் வந்த பெண்களுக்கு முதல் இரு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பளத்துடன் கூடிய விடுப்பை வழங்கியது.

கட்டணங்களை ஒப்பிடுதல்

மருத்துவமனைகள் அறிவிக்கும் 'பேக்கேஜ்' தொகைகளை அப்படியே ஒப்பிடக் கூடாது. 'அ' என்ற மருத்துவமனை சுகப்பிரசவத்துக்கு 40,000 ரூபாய் என்றும், 'ஆ' என்ற மருத்துவமனை 30,000 ரூபாய் என்றும் சொல்வதாகக் கொள்வோம். முதலாவதில் மருந்து, பரிசோதனை, குழந்தை மருத்துவர் எல்லாம் அடக்கம். இரண்டாவதில் இவை தனி. அவற்றுக்கு 15,000 ரூபாய் ஆனால், மலிவாகத் தெரிந்ததே விலை கூடியதாகிவிடும். ஆகவே ஏழாம், எட்டாம் மாதத்திலேயே கீழ்க்கண்டவற்றை எழுத்தில் கேட்டுப் பெறுவது நல்லது:

- பேக்கேஜில் எத்தனை நாள் தங்கல், எந்த வகை அறை அடக்கம்?
- மயக்க மருத்துவர், குழந்தை மருத்துவர் கட்டணம் அடக்கமா?
- மருந்து, கையுறை போன்ற பொருள்கள், பரிசோதனைகள் அடக்கமா?
- சுகப்பிரசவத்துக்கு முயன்று பாதியில் அறுவைக்கு மாறினால் எந்தத் தொகை?
- இரட்டைக் குழந்தை என்றால் கூடுதல் எவ்வளவு?
- குழந்தைக்குத் தீவிர சிகிச்சை தேவைப்பட்டால் ஒரு நாள் கட்டணம் என்ன? அவ்வசதி இங்கேயே உள்ளதா?
- இரத்தம் தேவைப்பட்டால் எங்கிருந்து வரும்?
- முன்பணம் எவ்வளவு?

தேசிய மனித உரிமைகள் ஆணையம் வகுத்த நோயாளிகள் உரிமை சாசனத்தில், கட்டண விவரத்தை முன்கூட்டி அறியும் உரிமை, வகைவாரியாகப் பிரித்த பில் பெறும் உரிமை, மருந்தையும் பரிசோதனையையும் விரும்பிய இடத்தில் பெறும் உரிமை ஆகியவை இடம்பெற்றுள்ளன. பில் தகராற்றைக் காரணம் காட்டி நோயாளியை டிஸ்சார்ஜ் செய்யாமல் பிடித்து வைக்கக் கூடாது என்றும் அது கூறுகிறது.

பிற நாடுகளில்

இலங்கையில் அரசு மருத்துவமனைகளில் மகப்பேறு இலவசம். ஐக்கிய இராச்சியத்தில் அந்நாட்டில் வழக்கமாக வசிப்போருக்குத் தேசிய சுகாதார சேவை மூலம் இலவசம். ஐக்கிய அமெரிக்காவில் மருத்துவமனை அறிவிக்கும் விலை, காப்பீட்டு நிறுவனம் பேசி முடிக்கும் விலை, காப்பீடு இல்லாதவர் கட்டும் விலை எனப் பல விலைகள் உள்ளன. இக்குழப்பத்தைக் குறைக்க, மருத்துவமனைகள் தங்கள் விலைகளை வெளியிட வேண்டும் என்ற விதி அங்கு 2021 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

தொகுப்பு

கட்டண வேறுபாட்டின் ஒரு பகுதி உண்மையான செலவு வேறுபாட்டால் வருவது: ஆயத்த நிலை, வசதிகள், பிரசவ எண்ணிக்கை. மற்றொரு பகுதி அறை வகை, மருந்து விற்பனை, அறுவையின் பக்கம் சாயும் ஊக்கம் போன்றவற்றால் வருவது. இவ்விரண்டையும் பிரித்தறிய, மொத்தத் தொகையைவிட அது எவற்றால் ஆனது என்ற விவரமே உதவும். வலி எடுத்த பிறகு எந்தக் குடும்பத்தாலும் விலை பேச முடியாது. அதற்கான காலம் அதற்கு முந்தைய மாதங்களே.