திரும்பும் டிக்கெட்

மெட்டுகுடாவில் குடியிருப்பவர்களுக்கு விருந்தாளிப் பஞ்சம் கிடையாது. செகந்திராபாத் ஸ்டேஷன் பக்கத்திலேயே இருக்கிறது. ரயில்வேயில் தண்டவாளம் பார்த்து ஓய்வு பெற்ற என் வீட்டுக்கு வருகிறவர்களை வாசலிலேயே நான் கேட்பது, "எத்தனை நாள் இருப்பீங்க?" என்பதுதான். மனைவி முறைப்பாள். விரட்டுவதற்காகக் கேட்பதில்லை ஐயா, ஊர் சுற்றத் திட்டம் போட வேண்டாமா?

தூரத்திலிருந்து வருபவர்கள் அதிக நாள் தங்குவார்கள், ரயில் செலவு கட்டுபடியாக வேண்டுமே. லாட்ஜில் தங்குபவர் வாடகைக்குப் பயந்து சீக்கிரம் கிளம்புவார். உறவினர் வீடென்றால் அந்தப் பயமில்லை. 1996-ல் ராமோஜி ஃபிலிம் சிட்டி வந்தபின் எல்லாருக்கும் ஒரு நாள் கூடியது. அதற்குக் காலையில் போனால் இரவுதான் திரும்ப முடியும். ஸ்ரீசைலம் சேர்த்தால் இன்னும் இரண்டு நாள்.

ஷீரடி போகும் அன்பர்கள் சிலர் சரியாக இரண்டே நாள் தங்குவார்கள். சென்னையிலிருந்து செகந்திராபாத் வழியாக மன்மாடுக்கு ஒரே டிக்கெட் எடுத்தால், ஐந்நூறு கிலோமீட்டர் கடந்தபின் நடுவில் இறங்கி இரண்டு நாள் தங்கலாம். வந்த நாளும் புறப்படும் நாளும் கணக்கில் சேராது. பலருக்குத் தெரியாத சலுகை இது.

ஆனால் என் அனுபவத்தில் இவற்றையெல்லாம் மிஞ்சுவது திரும்பும் டிக்கெட்தான். முன்பதிவு 2015 ஏப்ரலிலிருந்து 120 நாள் முன்பாக இருந்தது. 2024 நவம்பர் 1 முதல் 60 நாள். எப்படியானாலும், ஊரைப் பார்க்குமுன்பே ஊரை விட்டுப் போகும் தேதி முடிவாகிவிடுகிறது.

போன வருஷம் திருச்சியிலிருந்து அக்காவும் மாமாவும் வந்தார்கள். இரண்டு வண்டி மாறி, வியாழன் காலை வந்து சேர்ந்தார்கள். பேரன் போனிலேயே போக வர டிக்கெட் எடுத்திருந்தான், வெள்ளி மாலையே திரும்ப. திங்களன்று மாமாவுக்கு டாக்டரிடம் போக வேண்டுமாம். அக்கா ஆசைப்பட்டது ஒன்றே ஒன்று. சாலார் ஜங் மியூசியத்தில் முகத்திரை போட்ட ரெபேக்கா சிலை இருக்கிறதே, கல்லிலேயே மெல்லிய துணி செதுக்கியது, அதைப் பார்க்க வேண்டும். வியாழன் முழுக்க அலுப்பில் தூங்கினார்கள். வெள்ளிக்கிழமை மியூசியத்துக்கு விடுமுறை.

முப்பத்தைந்து வருஷம் ரயில்வேயில் இருந்தவனுக்கு அந்த நாள் தோன்றவில்லை பாருங்கள்! வெள்ளி காலை பத்து மணிக்கு ஏ.சி., பதினொன்றுக்கு ஸ்லீப்பர் என்று சனிக்கிழமை வண்டிக்குத் தட்கலில் முயன்றேன். இரண்டிலும் வெயிட்டிங் லிஸ்ட். எழுபதைத் தாண்டிய இருவரை அதை நம்பி நிறுத்தி வைக்க மனம் வரவில்லை.

ஜன்னல் கம்பி வழியாக அக்கா, "சிலை எங்கடா போயிடப் போகுது தம்பி" என்றாள். சிலை போகாதுதான்.

இந்தத் தை மாதம் மறுபடி வருகிறார்கள். இம்முறை டிக்கெட் எடுத்தது நான். சனிக்கிழமை வருகை, அடுத்த திங்கள்தான் புறப்பாடு. பேரனிடம் சொல்லவில்லை.