கடற்காற்றும் சிறு காரும்

களனி கங்கை கடலோடு கலக்குமிடத்துக்கு முகத்துவாரம் என்பது காரணப் பெயர். ஆற்றின் வாயிலாக அமைந்த அவ்விடத்தில் ஆண்டு முழுவதும் உப்புக் காற்று வீசுகின்றது. வீட்டுச் சன்னற் கம்பிக்கும் கோயிற் கதவின் கீலுக்கும் அக்காற்று எதனைச் செய்கின்றதோ, அதனையே வாசலில் நிற்கும் மோட்டார்க் காருக்கும் செய்கின்றது. இத்தகைய இடத்தில், அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட வயதுடைய ஒரு சிறு ஸ்போர்ட்ஸ் காரை வைத்து நாள்தோறும் ஓட்டுதல் இயலுமா?

இயலும் என்பதே விடை. ஆனால் அக்காரில் எது எளிதில் அழியும், எது எளிதில் அழியாது என்பதை அறிந்திருத்தல் வேண்டும். பழைய கார் வாங்கச் செல்வோர் பெரும்பாலும் எஞ்சினின் ஓசையைக் கேட்டு மயங்குகின்றனர். அடித் தகட்டைக் குனிந்து பார்ப்போர் சிலரே. உண்மையில், எஞ்சின் கெட்டால் சரிசெய்யலாம். தகடு கெட்டால் காரே போய்விடும். நேயர்கள் இவ்வொன்றை மனத்திற் கொள்வாராயின், மற்றவையெல்லாம் தாமே விளங்கும்.

சிறு ஸ்போர்ட்ஸ் கார் என்பதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு, 1958 ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளிவந்த ஒஸ்ரின்-ஹீலி ஸ்பிறைற். டொனால்ட் ஹீலி என்பாரின் முயற்சியால் உருவான இக்காரின் முன்விளக்குகள் மேலெழுந்து நிற்பதால், மக்கள் இதற்குத் தவளைக் கண் என்று பெயரிட்டனர். கதவுக்கு வெளியே கைப்பிடி கிடையாது; உள்ளே கைவிட்டே திறத்தல் வேண்டும். பின்புறச் சாமானறைக்கு மூடி கிடையாது. இருக்கைகளுக்குப் பின்னால் குனிந்தே பெட்டியைத் தள்ளுதல் வேண்டும். எஞ்சினின் கொள்ளளவு 948 கன சென்ரிமீற்றர். வலுவோ 43 குதிரைவலு மட்டுமே. இன்று தெருவிற் செல்லும் மிகச் சாதாரணமான கார் கூட இதனை முந்திவிடும். எனினும் நிலத்தை ஒட்டிய இருக்கையில், திறந்த கூரையின் கீழ், மணிக்கு 30 மைல் வேகம் 60 மைல் போலத் தோன்றும். சட்டத்தை மீறாமலே வேகத்தின் இன்பத்தை நுகரச் செய்வது இதன் சிறப்பு எனலாம்.

இக்காரின் எஞ்சின் இதற்கெனத் தனியாகச் செய்யப்பட்டதன்று. 1951 இல் ஒஸ்ரின் ஏ-30 என்னும் குடும்பக் காருக்காகப் பிறந்த எஞ்சின் இனமே இதிலும் அமைந்தது. மொறிஸ் மைனரிலும், 1959 இல் வந்த மினியிலும், 1961 இல் வந்த எம்.ஜி. மிட்ஜெற்றிலும் அவ்வினமே இயங்கியது. 2000 ஆம் ஆண்டு வரை அவ்வினம் உற்பத்தியில் இருந்தது. எல்லா உறுப்புகளும் ஒன்றுக்கொன்று பொருந்தும் என்று கூறுதற்கில்லை. ஆயினும் அடிப்படை ஒன்றேயாதலால், ஆசிரியரும் எழுதுவினைஞரும் ஓட்டிய மொறிஸ் மைனரைப் பழுதுபார்க்கத் தெரிந்த கைக்கு ஸ்பிறைற்றும் அந்நியமாய் இருக்கவில்லை.

இவ்வுறவு இலங்கையிற் பெரும்பயன் தந்தது. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி காரணமாகத் தனியார் கார்களின் இறக்குமதி பெரிதும் தடைப்பட்டது. 1977 இன் பின்னரே கதவு அகலத் திறந்தது. இடைப்பட்ட காலத்தில், பழையதைப் பேணுதல் விருப்பமாக அன்றித் தேவையாகவே இருந்தது. தேய்ந்ததைக் கடைந்து பொருத்தவும், உடைந்ததை ஒட்டவும், ஒரு காரின் உறுப்பை இன்னொன்றுக்கு இசையச் செய்யவும் கொழும்புத் தொழிலாளர் கற்றனர். 2020 மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு அத்தடை நீங்கியது 2025 பெப்ரவரியிலாகும். தடை வருந்தோறும் இத்தீவு பழைய கார்களை நினைவுகூர்கின்றது.

இனி, உப்பின் செயலைக் காண்போம். இரும்பும் நீரும் காற்றிலுள்ள ஒட்சிசனும் சேர்ந்தால் துரு உண்டாகும் என்பது பாடசாலை மாணவரும் அறிந்ததே. உப்பு இதில் இருவகையில் உதவுகின்றது. நீரில் உப்புக் கரைந்தால் அந்நீர் மின்னை எளிதிற் கடத்தும். துருப்பிடித்தல் ஒரு மின்வேதியற் செயலாதலால் அது விரைவுபெறும். மேலும், உப்பு காற்றிலுள்ள ஈரத்தைத் தன்பால் இழுக்கும் தன்மையது. மழை பெய்யாத நாளிலும், இரவில் உப்புப் படிந்த தகடு ஈரமாகவே இருக்கும். ஆகவே முகத்துவாரத்தில் நிற்கும் கார் தெருவிற் செல்லாதபோதும் தேய்ந்துகொண்டிருக்கின்றது. மே மாதம் முதல் செப்ரெம்பர் வரை, தென்மேற்குப் பருவக்காற்று அலைத்துளியைக் கரைக்கு ஏற்றும் காலத்தில், இது மேலும் மிகும்.

பழைய எம்.ஜி. கார்களுக்குத் தனியான இரும்புச் சட்டகம் உண்டு. அதன்மேல் மரச்சட்டம் அமைத்துத் தகடு போர்த்தியிருப்பர். அங்கே தகடு துருப்பிடித்தாலும் சட்டகம் தாங்கும். மரத்தைக் கறையானும் ஈரமும் தின்னாமற் காத்தாற் போதும். ஸ்பிறைற்றுக்கோ தனிச் சட்டகம் இல்லை. வளைத்து ஒட்டிய தகடுகளே அதன் எலும்பு. கதவின் கீழே, முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் இடையே நீளமாகச் செல்லும் பெட்டி போன்ற பகுதியே உடலின் பெரும் பாரத்தைத் தாங்குகின்றது. அப்பெட்டியின் உட்புறம் கண்ணுக்குத் தெரியாது. வெளியே வர்ணம் பளபளக்க, உள்ளே தகடு காகிதம் போல் மெலிந்திருக்கக்கூடும். கதவைத் திறந்தபின் மீண்டும் மூட மறுக்குமாயின், முதுகெலும்பு வளையத் தொடங்கிற்று என்று கொள்ளலாம். அந்நிலையில் அக்காரை ஓட்டுவது உயிருக்கே ஆபத்தாகும்.

இதனைத் தடுக்கும் வழி கடினமானதன்று. இடைவிடாத பழக்கமே வேண்டும். வாரம் ஒருமுறை நன்னீரால் மேற்புறத்தை மட்டுமன்றி, சில்லுகளின் வளைவுகளையும் அடிப்பக்கத்தையும் கழுவுதல் முதற்கடன். அயற்கிணற்று நீர் உவர்ப்பாயின் அது பயன்படாது. குழாய் நீரோ மழைநீரோ வேண்டும். கதவின் அடியிலுள்ள சிறு வடிதுளைகள் மண்ணால் அடைபட்டால் கதவே நீர்த்தொட்டியாகும். மெல்லிய குச்சியால் அவற்றைத் திறந்துவைத்தல் நன்று. கன்வஸ் கூரை மழையை முற்றாகத் தடுப்பதில்லையாதலால், தரை விரிப்பை எடுத்து வெயிலிற் காயவிடுதல் வேண்டும். றப்பர் விரிப்பின் கீழ் தங்கும் ஈரமே அடித் தகட்டைத் துளைக்கின்றது. காற்றுப் புகாத பிளாஸ்ரிக் உறையால் காரை மூடுவோர், காப்பதாக எண்ணி ஈரத்தை உள்ளே சிறைவைக்கின்றனர். துணியுறையே சிறந்தது.

கழிவெண்ணெயை அடிப்பக்கத்திற் பூசுதல் பலரின் வழக்கம். துருவை அது தாமதப்படுத்தும் என்பது உண்மையே. ஆயினும் எஞ்சினில் எரிந்த எண்ணெயில் புற்றுநோய்க்கு ஏதுவான பொருள்கள் உண்டு. மழையில் வழிந்து கால்வாய்க்கும் கங்கைக்கும் போகும். பெட்டிப் பகுதிகளுள் செலுத்துவதற்கென்றே மெழுகு விற்கப்படுகின்றது. செலவு சிறிது கூடினும் அதுவே தக்கது.

எஞ்சினைப் பேணுதல் ஒப்பளவில் எளிது. முன்சில்லுகள் திரும்பும் மூட்டுகளுக்கு 1,000 மைலுக்கு ஒருமுறை கிறீஸ் இடுதல் வேண்டும். இதனை மறந்தோர் பின்னர் முழு மூட்டையும் மாற்ற நேரும். வால்வுகளின் இடைவெளி, எஞ்சின் குளிர்ந்திருக்கையில், ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 12 பங்கு. காபுரேற்றர்கள் இரண்டும் எஸ்.யு. வகையின. உள்ளேயுள்ள ஆடுதண்டு காற்றோட்டத்துக்கேற்ப உயர்ந்து தாழ்ந்து பெற்றோலை அளந்து விடுகின்றது. அதன் தலையிலுள்ள குழியில் மெல்லிய எண்ணெய் குறைந்தால், வேகமெடுக்கையில் கார் திக்கித் திணறும். இரண்டு காபுரேற்றர்களும் ஒத்து மூச்சுவிடுகின்றனவா என்பதை, சிறு றப்பர்க் குழாயைக் காதில் வைத்து அவற்றின் சீறலைக் கேட்டே பழைய தொழிலாளர் அறிவர்.

இக்காலத்தின் சிக்கல்கள் வேறு சில உண்டு. ஈயம் கலந்த பெற்றோல் 2002 இல் இலங்கையில் விலக்கப்பட்டது. நாட்டின் காற்றுக்கு அது பெருநன்மை. ஆனால் பழைய எஞ்சினில், புகை வெளியேறும் வால்வின் இருக்கையை ஈயமே தேயாமற் காத்து வந்தது. ஆகவே எஞ்சினின் தலைப்பகுதியைக் கழற்றும்போது உறுதியான உருக்கு இருக்கைகளைப் பொருத்திவிடுதல் அறிவுடைமை. அன்றியும், பழைய ஸ்பிறைற்றில் பற்றறியின் நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். இன்றைய கார்களில் எதிர்முனை இணைக்கப்படுகின்றது. இதனை அறியாத இளந்தொழிலாளர் வழக்கப்படி மாற்றிக் கொடுத்தால், மின்னுறுப்புகள் சிலவற்றுக்குக் கேடு வரும். நட்டுகளும் அங்குல அளவின. ஜப்பானியக் கார்களுக்கான மில்லிமீற்றர் ஸ்பானரால் அவற்றைத் திருகினால் முனைகள் மழுங்கிப்போகும். பஞ்சிகாவத்தையில் உறுப்புத் தேடப் புறப்படுவோர், ஒரு தொகுதி அங்குல ஸ்பானரை முதலில் வாங்கிக்கொள்வது நன்று.

ஓட்டாமல் வைத்திருத்தலே பாதுகாப்பு என்று எண்ணுவதும் தவறு. 2022 ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடி இதனைக் காட்டிற்று. அவ்வாண்டு யூன் மாத இறுதியில் 92 ஒக்ரேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவாயிற்று. அடுத்த மாதம் அறிமுகமான கியூ.ஆர். முறையிற் காருக்கு வாரம் 20 லீற்றரே பங்கீடாகக் கிடைத்தது. கார்கள் பல வாசலிலேயே நின்றன. நிற்கும் காரின் பெற்றோல் தொட்டியில், வெற்றிடத்திலுள்ள காற்றின் ஈரம் படிந்து துருவாகும், காபுரேற்றரில் பெற்றோல் ஆவியாகிப் பிசினாகும், பற்றறி தளரும், பிறேக் உறுப்புகள் இறுகும். வாரத்துக்கு ஒருமுறையேனும் எஞ்சின் நன்கு சூடேறும் வரை ஓட்டப்படும் கார் இவற்றினின்றும் தப்பும். காரின் நோய்க்குப் பயணமும் ஒரு மருந்தே.

எல்லாவற்றுக்கும் மேலாகக் கருதத்தக்கது ஒன்றுண்டு. உறுப்புகளை இங்கிலாந்திலிருந்து தருவிக்கலாம்; அவற்றைப் பொருத்தும் கைகளைத் தருவிக்க இயலாது. 1990களில் இலங்கைத் தொழிலாளர் செய்த மொறிஸ் மைனர்த் தகடுகள், அக்கார் பிறந்த பிரித்தானியாவுக்கே ஏற்றுமதியாயின. தாய்நாட்டில் அருகிய கைத்தொழில் இங்கே வாழ்ந்திருந்தது என்பதற்கு அதுவே சான்று. கொழும்பு மக்கள் ‘பாஸ்’ என்று அழைக்கும் அத்தொழிலாளர் பலர் இன்று முதுமை எய்திவிட்டனர். அவர்களின் அறிவு ஏட்டில் இல்லை. காதிலும் விரல் நுனியிலும் இருக்கின்றது. கணினியால் பிழை கண்டறியும் இக்காலத்து இளைஞர் அதனைக் கற்கும் வாய்ப்புக் குறைவு.

ஆகவே, பழைய காரை வைத்திருப்பவர் செய்யத்தக்க பணிகள் இரண்டு. முதலாவது, பார்த்த வேலை, திகதி, ஓடிய மைல், மாற்றிய உறுப்பு ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் தமிழிலேயே எழுதிவைத்தல். இரண்டாவது, முதிய பாஸ் வேலை செய்யும்போது ஓர் இளைஞனை அருகில் நிற்கச் செய்து, அவனுக்கும் கூலி கொடுத்தல். பின்னதன் செலவு ஒரு ரயரின் விலையினும் குறைவாகவே இருக்கும். அதன் பயனோ ஒரு காரோடு முடிவதன்று.

சிறு ஸ்போர்ட்ஸ் காரை வாங்குவது ஒரு நாட் செயல். பேணுவது ஒவ்வொரு நாட் செயல். வாரம் ஒருமுறை வாளியும் துணியும் எடுக்க மனமில்லாதவர் கடலோரத்தில் அதனை வாங்காதிருத்தலே நன்று. மனமுள்ளவர்க்கோ, தெருவோரக் கராஜில் இன்னும் சில கைகள் காத்திருக்கின்றன. அக்கைகள் ஓயுமுன் அவற்றை நாடுதல் வேண்டும்.